வாசித்தவர் பெயரைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

வட கரோலைனா மாநிலப் பொது வானொலி நிலையங்களில் நிகழ்ச்சி அட்டவணை வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வரும் கெல்டிக் இசை நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரிட்டனி, ஸ்பெயினின் கலீசியா, கனடாவின் கேப் பிரெட்டன் தீவு என்று பல கரைகளின் பழைய பாட்டும் இன்றைய பாட்டும் அதில் கலந்து வரும். நான் மாதந்தோறும் பணம் கட்டும் நிலையம் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிடப் போவதாக நேயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நிலையத்தோடு சண்டை போடுவது என் நோக்கம் அல்ல. இந்த யோசனை மற்ற நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த மின்னஞ்சல் மிகவும் பணிவாகத்தான் எழுதப்பட்டிருந்தது. இசை எங்கும் போய்விடாது, இணையத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் கெல்டிக் இசை தொடர்ந்து ஓடும், விரும்பியபோது கேட்கலாம், தொகுப்பாளர் மட்டும் இருக்கமாட்டார் என்பது அதன் சாரம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் வருகிறதே, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று அதை எழுதியவர் உண்மையிலேயே நினைத்திருக்கக்கூடும். "தொகுப்பாளர் மட்டும்" என்ற அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் வில்லங்கம் இருக்கிறது.

இதே மடலை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் உங்கள் நிலையங்களுக்குச் சந்தா கட்டும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன என்பது. காலையில் செய்தி கேட்டுக்கொண்டே அலுவலகம் போகிறவர்கள் அவர்கள். நன்கொடை திரட்டும் வாரத்தில் நீங்கள் தரும் பீங்கான் குவளையில் காப்பி குடிக்கிறவர்கள். அவர்களும் இதைப் படிக்கவேண்டும். அயர்லாந்துக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் மட்டும் கேட்கும் நிகழ்ச்சி இது என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால், அதையும் இந்த மடல் கொஞ்சம் அசைக்கட்டும்.

ஓர் உதாரணத்தோடு தொடங்குகிறேன். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்தவர் மைக்கேல் கோல்மன். பிடில் கலைஞர். 1914இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கில் இருந்தபடி 1920களிலும் 1930களிலும் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதியமுடியும். அதற்குள் 'ரீல்' எனப்படும் வேகமான நடன மெட்டுகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், ஒரே மூச்சாக வாசித்துவிடுவார். 1934இல் அவர் அப்படி வாசித்த ஒரு தட்டில் முதலில் வருவது 'டார்போல்டன்', அடுத்து 'லாங்ஃபோர்டு கலெக்டர்', கடைசியில் 'செய்லர்ஸ் பானட்'. அந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போயின. கிராமத்தில் கிராமபோன் வைத்திருந்த வீட்டில் கூடி, ஊசி தேயும் வரை கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும், டப்ளினோ பாஸ்டனோ மெல்போர்னோ, எங்கே நாலு பேர் மதுக்கடை மூலையில் உட்கார்ந்து வாசித்தாலும் யாராவது 'டார்போல்டனை' எடுத்தால் மற்ற இரண்டும் அதே வரிசையில் பின்னால் வந்துவிடும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதர் போட்ட வரிசை அது.

இன்னும் ஒன்று: டார்போல்டன் என்பது அயர்லாந்தில் உள்ள ஊர் அல்ல. ஸ்காட்லாந்தின் ஏர்ஷர் பகுதியில் இருக்கிறது. ஸ்காட்லாந்து ஊரின் பெயரைச் சுமந்த ஒரு மெட்டு, ஸ்லைகோ பாணியில் வளைந்து, நியூயார்க்கில் பதிவாகி, கடல் தாண்டித் திரும்பிப்போய், பிறகு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆளில்லாமல் ஓடும் உங்கள் இணைய ஒலிபரப்பில் இதே மெட்டு வந்தால் திரையில் என்ன தெரியும்? ஒரு பெயர், ஒரு குழுவின் பெயர், ஒரு படம். சில நேரம் அதுவும் தப்பாக இருக்கும். இந்த இசையில் ஒரே மெட்டுக்கு நாலைந்து பெயர் இருப்பதும், ஒரே பெயரில் வேறு வேறு மெட்டுகள் இருப்பதும் சர்வசாதாரணம். கணினிக்கு அது ஒரு குழப்பம். விஷயம் தெரிந்த தொகுப்பாளருக்கு அதுவே பேசுவதற்குக் கிடைத்த செய்தி.

இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிது அல்ல. எங்கள் ஊர் வானொலியில் கச்சேரி ஒலிபரப்பும்போது ராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டை விடுவார்கள். அந்த அறிவிப்புகளைக் கேட்டே ராகம் கற்றுக்கொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. யார் என்று சொல்லாமல் இசையை மட்டும் ஓட விட்டால், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஓடுவதைப்போலத்தான் அது காதில் விழும்.

கெல்டிக் இசைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதில் பெரும்பகுதி ஏட்டில் எழுதிவைத்து வளர்ந்தது அல்ல. சிகாகோவில் காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903இல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார் என்பது உண்மைதான்; அது பெரிய பணி. ஆனால் அச்சில் இருப்பது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. எங்கே வில்லை அழுத்துவது, எங்கே ஒரு சுரத்தைச் சுழற்றிவிடுவது, எங்கே மூச்சு விடுவது என்பதெல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காது வழியாக வருவது. அதனால்தான் வாசிப்பவர்கள் ஒரு மெட்டைத் தொடங்கும் முன்னால் "இது இன்னாரிடம் இருந்து எனக்கு வந்தது" என்று சொல்கிறார்கள். அதை ஒரு மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். வானொலித் தொகுப்பாளர் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அவரைக் கழற்றினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். உங்களுக்கு அதுதான் முதல் கவலை என்று தெரியும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டை எஃப்எம் அலையில் ஒலிபரப்பினால், இயற்றியவருக்கு உரிமைத்தொகை உண்டு. அதைப் பாடியவருக்கோ வாசித்தவருக்கோ ஒரு சென்ட் கூடக் கிடையாது. மற்ற இசையில் பல நேரம் பாடகரே இயற்றியவராகவும் இருப்பதால் ஏதோ கொஞ்சம் தேறும். மரபு மெட்டுகள் பலவற்றுக்கு இயற்றியவர் யார் என்றே தெரியாது. முந்நூறு ஆண்டுப் பழைய 'ஜிக்' நடன மெட்டு ஒன்றை உயிரைக் கொடுத்து வாசித்தவருக்கு உங்கள் எஃப்எம் ஒலிபரப்பிலிருந்து கிடைக்கும் ஒரே கூலி, வாசித்து முடித்ததும் அவருடைய பெயர் உச்சரிக்கப்படுவது. அதையும் செலவுக் குறைப்பில் சேர்த்துவிட்டீர்கள்.

அப்படியானால் இணையத்துக்குப் போவதுதானே நல்லது, அங்கே வாசித்தவருக்கும் பங்கு உண்டே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. உங்கள் எஃப்எம் நிகழ்ச்சி இப்போதே இணையத்திலும் கூடவே ஒலிபரப்பாகிறது; அந்தப் பங்கு இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை வைத்து யாரும் வீட்டு வாடகை கட்டுவதில்லை என்பது வேறு விஷயம். இந்தக் கலைஞர்கள் பிழைப்பது கச்சேரி டிக்கெட்டிலும், கச்சேரி முடிந்து வாசலில் மேசை போட்டு விற்கும் சிடியிலும், கோடைக்கால முகாம்களில் பாடம் நடத்துவதிலும்தான். பெயர் தெரிந்தால்தான் ஆள் வருவார். உங்கள் மாநிலத்தின் ஸ்வனனோவாவில் உள்ள வாரன் வில்சன் கல்லூரியில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் முகாமில் 'கெல்டிக் வாரம்' என்றே ஒரு வாரம் உண்டு. அங்கே சேர வருகிறவர்களிடம் இந்த இசை முதலில் எப்படி அறிமுகமானது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். உங்கள் வானொலியைச் சொல்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

'போட்காஸ்ட் ஆக்கிவிடுகிறோம்' என்பது இன்னொரு சமாதானம். அதைச் சொல்கிறவர்கள் நேயர்களுக்கு விதிமுறை தெரியாது என்று நினைக்கிறார்கள் போலும். இணையத்தில் இசை ஒலிபரப்ப நீங்கள் வைத்திருக்கும் பொது உரிமம், நேரலையாக ஓடுவதற்குத்தான். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இசை நிகழ்ச்சியைச் சேமித்துவைத்து, கேட்டபோது கேட்கத் தருவதற்கு அந்த உரிமத்தில் இடமில்லை. அதைவிட நீளமானதையும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே அனுமதி வாங்கினால்தான் முழுப் பாட்டோடு போட்காஸ்ட் போடமுடியும். அந்த வேலைக்கு ஆள் வைக்கும் பணத்தில் இந்த நிகழ்ச்சியையே தாராளமாக நடத்தலாம்.

வானொலி இந்த இசையை வெறுமனே ஒலிபரப்பிக்கொண்டு மட்டும் இருந்ததில்லை. கீரான் மாக் மஹூனா என்பவர் 1954இல் அயர்லாந்து வானொலியில் சேர்ந்தார். ஒலிப்பதிவுக் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளேர் மாவட்டத்துக்கும் மற்ற மேற்குக் கிராமங்களுக்கும் போனார். அடுப்படியில் பிடில் வாசித்த விவசாயிகளையும், மதுக்கடையில் குழல் ஊதிய தச்சர்களையும் பதிவு செய்து கொண்டுவந்து நாட்டுக்கே கேட்கவைத்தார். அதுவரை இந்த இசை என்றால் நகரத்தார் முகம் சுளிப்பார்கள். பட்டிக்காட்டுச் சத்தம் என்று நினைப்பு. ஒரே ஊரில் கிடந்த வாசிப்பு வானொலியில் வந்ததும், பக்கத்து மாவட்டத்துப் பையன் அதைக் கேட்டுப் படிக்கத் தொடங்கினான். 1970இல் தொடங்கிய அவருடைய ஞாயிறு காலை நிகழ்ச்சி 2005 வரை ஓடியது. முப்பத்தைந்து ஆண்டுகள்! அவசரமில்லாத, தணிந்த குரல். பாட்டு, நடுவில் ஒரு கவிதை, பிறகு ஒரு மெட்டு. ஞாயிறு காலை என்றால் அந்தக் குரல்தான் என்று ஒரு நாடே பழகிப்போயிருந்தது.

கனடாவில் வேறு மாதிரி நடந்தது. கேப் பிரெட்டன் தீவில் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிடில் வாசிப்பு, தாய்நாட்டில் மாறிப்போன பிறகும் பழைய சாயலோடு நிலைத்திருந்தது. 1971இல் அந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம், இந்தக் கலைஞர்கள் அருகிவருகிறார்கள் என்று ஓர் ஆவணப்படம் எடுத்தது. தீவுக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. 1973இல் கிளென்டேல் என்ற சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில் கலைஞர்களைத் திரட்டி ஒரே மேடையில் ஏற்றிக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறையில் நடாலி மக்மாஸ்டர், ஆஷ்லி மக்ஐசக் என்று அந்தத் தீவின் பெயர் உலக மேடைகளுக்குப் போனது. பொது ஒலிபரப்பில் வரும் ஒரு சொல்லுக்கு, அது எரிச்சல் ஊட்டும் சொல்லாக இருந்தால்கூட, எவ்வளவு பலன் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கதைகள் போதும். உங்கள் மாநிலத்துக்கே வருகிறேன். ஸ்காட்லாந்திலிருந்து படிக்க வந்த ஃபியோனா ரிட்சி என்ற இளம்பெண் 1981இல் சார்லட் நகரின் டபிள்யூஎஃப்ஏஇ வானொலியில் 'தி திஸில் அண்ட் ஷாம்ராக்' என்ற வாராந்தர நிகழ்ச்சியைத் தொடங்கினார். அந்த நிலையமே அந்த ஆண்டுதான் பிறந்திருந்தது. 1983இல் அது தேசியப் பொது வானொலி வழியாக நாடு முழுவதும் போகத் தொடங்கியது. அமெரிக்காவில் இலட்சக்கணக்கான காதுகளில் கெல்டிக் இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிகழ்ச்சி நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ பிறக்கவில்லை. வட கரோலைனாவில், ஒரு பல்கலைக்கழகத்தின் புத்தம்புது நிலையத்தில் பிறந்தது. 2014இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்பிஇ விருது கொடுத்தது. இந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு 'இது எங்கள் நேயர்களுக்கான இசை அல்ல' என்று ஒருவர் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது?

வானொலி வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்கும் அந்த இசைக்கும் உறவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கேப் ஃபியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கேலிக் மொழி பேசும் ஸ்காட்லாந்து மலைநாட்டவர்கள் வந்து குடியேறினார்கள். அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்தவர்கள் அப்பலாச்சிய மலைகளுக்குள் போனார்கள். 1916இல் இங்கிலாந்திலிருந்து செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் இந்த மலைகளில் அலைந்து பழைய கதைப்பாட்டுகளைச் சேகரித்தபோது, ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் இருந்த ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற பெண்மணி பாடிக் காட்டிய அளவுக்குப் பாட்டுகளை வேறு எவரும் அவர்களுக்குத் தரவில்லை. கிராண்ட்ஃபாதர் மலையில் 1956 முதல் ஸ்காட்லாந்து விளையாட்டு விழா நடக்கிறது. காற்றுப்பையை அழுத்தி ஊதும் பேக்பைப் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

நல்ல தொகுப்பாளர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தமாட்டார். அப்பலாச்சிய இசையில் பிடிலோடு சேர்ந்து ஒலிக்கும் பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கைவழி வந்த வாத்தியம். மெபேன் ஊரைச் சேர்ந்த ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞர் 2012இல் இறக்கும் வரை அந்தப் பரம்பரையைக் காத்துவைத்திருந்தார். கிரீன்ஸ்பரோவில் பிறந்த பாடகி ரியானன் கிடன்ஸ் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டவர். பாஞ்சோ அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கும் போனது. டப்ளினைச் சேர்ந்த பார்னி மக்கென்னா அதைப் பிடிலுக்கு ஓர் எட்டுச் சுரம் கீழே சுருதி கூட்டி வாசித்த முறையைத்தான் இன்று ஐரிஷ் இசைக்காரர்கள் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். கெல்டிக் நிகழ்ச்சியில் பாஞ்சோ ஒலிக்கும்போது இந்தக் கதையை யாராவது சொல்லவேண்டாமா? சொல்லாவிட்டால் அது வெள்ளைக்காரர்களின் பூர்விகப் பெருமை பேசும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். அந்தக் குற்றச்சாட்டு இப்போதே உங்கள் காதில் விழுந்திருக்கும். அதற்கு மருந்து, நிகழ்ச்சியை எடுத்துவிடுவது அல்ல. விவரம் தெரிந்தவரைப் பேசவிடுவது.

பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைக்கவும் மனிதத் தலை வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் முன்பெல்லாம் நெய்து முடித்த கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத்தோடு அடித்து இறுக்குவார்கள். அழுக்கு நீங்கி நிறம் நிற்பதற்குப் பழைய மூத்திரத்தில் ஊறவைத்த துணி அது. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். கை ஓயாமல் இருக்க ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அப்படி ஒரு பாட்டைக் கபர்கேலி என்ற குழு கரேன் மாத்தசனின் குரலில் புது வாத்தியங்களோடு பதிவு செய்தது. 1992இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் நுழைந்த முதல் ஸ்காட்லாந்து கேலிக் பாட்டு அதுதான். துணி அடிக்கும் பெண்களின் பழைய ஒலிப்பதிவை முதலில் போட்டு, கையோடு இந்தப் பாட்டையும் போட்டால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெட்டி. ஒன்று 'களப்பதிவு', இன்னொன்று 'பாப்'.

மார்ட்டின் பென்னட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் நாடோடிக் குடும்பங்களைச் சேர்ந்த ஷீலா ஸ்டூவர்ட், லிஸி ஹிக்கின்ஸ் போன்றவர்களின் பழைய ஒலிப்பதிவுகளை எடுத்து, நடனக் கூடத்துத் தாளத்தின் மேல் ஏற்றி, 2003இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே செய்த வேலை. 2005 ஜனவரியில் முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார். முன்கதை தெரியாமல் கேட்டால் அது வெறும் இரைச்சல் என்று சிலர் அணைத்துவிடுவார்கள். அந்தக் கிழவியின் குரல் யாருடையது, அவர் எந்தச் சாலையோரக் கூடாரத்தில் வளர்ந்தார் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போட்டால், அணைக்கப் போன கை நின்றுவிடும்.

நிகழ்ச்சியில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. பல நிலையங்களில் கெல்டிக் இசை என்றால் பனிமூட்டம், பெருமூச்சு, ஹார்ப் என்னும் யாழ் ஒலியில் கொஞ்சம் எதிரொலி என்று ஒரு கஷாயம் காய்ச்சி வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதம் புனித பேட்ரிக் திருநாள் வந்தால் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு குடிப்பாட்டாகப் போட்டுத் தீர்க்கிறார்கள். அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. பிரிட்டனிக்காரர்கள் தலையில் துண்டுதான். அங்கே ஊர்கூடி இரவு முழுக்க ஆடும் 'ஃபெஸ்ட் நோஸ்' 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஒருவர் பாடும் அடியின் கடைசி அசைகளை இன்னொருவர் தொற்றிக்கொண்டு பாட, மூச்சு விட இடமே இல்லாமல் ஓடும் அவர்களின் இரட்டையர் பாட்டைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். கலீசியாவின் கார்லோஸ் நூன்யெஸ் ஊதும், 'காய்த்தா' என்ற அந்த ஊர் பேக்பைப்புக்கும் இதே கதிதான். டப்ளினின் லாங்கம் குழு போல இருண்டு, கனத்து, காதை அறுக்கும் இன்றைய இசைக்கும் இடம் குறைவு. நேயர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். உங்கள் தொகுப்பாளர்களிடம் கொஞ்சம் துணிச்சலைக் கேளுங்கள், கொடுப்பார்கள். தானியங்கிப் பட்டியலிடம் கேட்டால் அது நேற்று யாரும் நிறுத்தாமல் கேட்ட பாட்டைத்தான் இன்றும் போடும்; பெரும்பாலும் அது தூங்குவதற்காகப் போட்டுக்கொண்ட பாட்டாக இருக்கும்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. 1967 சட்டத்தின்படி உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அந்தக் கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. நிலையங்களுக்குப் போன மானியம் மட்டும் அல்ல, இசை உரிமங்களுக்காக எல்லா நிலையங்களின் சார்பிலும் பேசி முடித்துப் பணம் கட்டிவந்ததும் அதுதான். அந்தச் சுமை இப்போது உங்கள் தலையில். செய்தியாளர் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா, ஞாயிறு இரவு இசையை நிறுத்துவதா என்று கேள்வி வந்தால் நானும் செய்தியாளர் பக்கம்தான் கை தூக்குவேன். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேற்கு மலைகளைச் சிதைத்தபோது மின்சாரமும் கைப்பேசியும் செத்துப்போய், ஜனங்கள் காரில் உட்கார்ந்து வானொலி கேட்டுத்தான் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். அந்தச் சேவைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் உங்கள் கணக்கில் அந்தக் கேள்வி அப்படி வரவில்லையே. இணையத்தில் நாள் முழுக்க இசை ஓடவிட்டால் உரிமச் செலவு நிற்கப்போவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு எஃப்எம்மில் மறு ஒலிபரப்புப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றைப் போடப்போகிறீர்கள். மிச்சமாவது தொகுப்பாளருக்குக் கொடுக்கும் சிறு தொகை. பல நிலையங்களில் அதுவும் இல்லை. அவர்கள் தொண்டர்கள், தங்கள் சொந்த இசைத்தட்டுகளை வீட்டிலிருந்து சுமந்துகொண்டு வருகிறவர்கள்.

பணம் உண்மையிலேயே முட்டுகிறது என்றால் ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி எதற்கு? மாநிலத்தில் உள்ள நாலைந்து நிலையங்கள் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் தயாரிக்கட்டும், மற்றவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் ஒலிபரப்பட்டும். தொகுப்பாளர்கள் மாறி மாறி வந்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குப் பேக்பைப் பைத்தியம், இன்னொருவருக்குக் கேலிக் பாட்டு. இணைய உரிமத்துக்காக எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்த வெளியீடு என்று கணக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதே பட்டியலை ஒலிபரப்பு முடிந்ததும் உங்கள் இணையப் பக்கத்திலும் போட்டுவிட்டால் தனியாக ஒரு பைசா செலவில்லை. பிடில் வாசித்தவர், குழல் ஊதியவர், பின்னால் கிதார் பிடித்தவர் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். குழுவின் பெயர் மட்டும் போதாது.

நேரத்தையும் நகர்த்தாமல் இருந்தால் நல்லது. இரவு பதினொன்றுக்குத் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து 'கேட்பவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது' என்று புள்ளிவிவரம் காட்டும் வித்தையை எல்லா நாட்டு வானொலியிலும் பார்த்தாகிவிட்டது.

இலையுதிர்கால அட்டவணையை நீங்கள் இறுதி செய்யும் முன்னால், நேயர்களுக்குத் திறந்திருக்கும் ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் தேதியை முன்கூட்டியே அறிவித்தால் கேரியிலிருந்தும் மோரிஸ்வில்லிலிருந்தும் சில தமிழ்க் குடும்பங்கள் வந்து உட்காருவோம். அதற்கு முன்னால் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். அடுத்த நன்கொடை வாரத்தில், வழக்கமாகக் காலைச் செய்தி நேரத்தில் மட்டும் வைக்கும் வேண்டுகோளை இந்த ஒரு மணி நேரத்திலும் வையுங்கள். தொகுப்பாளரே கேட்கட்டும். தொலைபேசி எடுக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மாதந்தோறும் சந்தா கட்டும் ஒரு நேயர்